வேலியில் நிற்காத செடி

1

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை குளிரைப் பற்றியோ, பிந்தி வரும் ரயிலைப் பற்றியோ நான் முறைப்பாடு எழுதவில்லை. போன மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து இன்னொரு வருடம் முடிந்தது. வழக்கமாக அந்த நாளில் மனைவி வசந்தி பாயாசம் வைப்பாள். நான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் மெல்லிய சேர்ட்டோடு வந்து இறங்கிய கதையைத் தொடங்குவேன். "உது நூறாம் தரம்" என்பாள் அவள். இந்த வருடம் பாயாசமும் இல்லை, கதையும் இல்லை. வீட்டில் என் கதைகளுக்கு இப்போது மதிப்பில்லை. ஏன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கமாக இருக்கும்.

நாங்கள் இருப்பது வுப்பர்டாலில். பக்கத்து நகரம் ஒன்றில், தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் எனக்கு வேலை. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வேர்க்கும்படி சூடாக்கி, நீராவி விட்டு, வெப்பமண்டல மழைக்காட்டுச் செடிகளை வளர்க்கிற பெரிய கட்டடம் அது. இலை கழுவுவேன், மாவுப்பூச்சியைத் தூரிகையால் தட்டி எடுப்பேன், சவர்க்காரத் தண்ணீர் தெளிப்பேன், மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டுகளைப் பெட்டி திறந்து விடுவேன். மழைக்காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே தெரிந்துகொண்டதுதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வலிகாமத்துக்காரன். செம்மண், வெங்காயம், புகையிலை, கிணறு. மழை என்றால் கார்த்திகை, மார்கழி. காடு என்று எங்கள் ஊரில் சொன்னால், ஆள் இல்லாமல் நாயுருவி மண்டிய வளவைத்தான் சொல்வார்கள். இலங்கையின் தென்மேற்கில் மழைக்காடு இருக்கிறது என்பது எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பச்சைத் திட்டு. விமானம் ஏறக் கொழும்புக்குப் போனதைத் தவிர அந்தப் பக்கமே நான் தலை வைத்தும் படுத்ததில்லை.

2

ஆர்பைட்ஸாம்ட் என்கிற வேலைவாய்ப்பு அலுவலகத்தில், சந்திக்க ஒரு டெர்மின் நேரம் கிடைப்பதற்கு மூன்று கிழமை காத்திருந்து போய் உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "இலங்கையா? அப்படியானால் வெப்பமண்டலச் செடிகள் உங்களுக்கு நல்ல பழக்கமாக இருக்குமே" என்றார். நான் "யா" என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் யாதான். பாதி விளங்காமல் சொல்வது. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே விளங்கியது.

அதற்கு முன் என் அகதி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், வருடக்கணக்கில் இழுபட்டது. ஊரில் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தேன். ஒரு திகதி முன்பின்னாகப் போனதற்காக, நம்பத்தக்கதாக இல்லை என்று கடிதம் வந்தது. வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் என்று அலைந்து, கடைசியில் வேறு ஏதோ விதியின் கீழ் இருக்க விட்டார்கள். உண்மையைச் சொல்லி நாய்படாத பாடு பட்டவனுக்கு, ஒரு 'யா'வுக்கு அடுத்த கிழமையே வேலை கிடைத்தது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டுத்தான், ஆனாலும் சொல்கிறேன்.

கண்ணாடி வீட்டின் தலைமைத் தோட்டக்காரி ஹைகே, நல்ல மனுசி. நான் சேர்ந்த மாதமே ஒரு செடிக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இலங்கையின் தாழ்நில மழைக்காட்டுச் செடி. என் உயரம் இருக்கும். அதன் கிளைகள் கணுவுக்குக் கணு வீங்கி, உள்ளே வெறுமையாக, கோறையாக இருந்தன. ஒவ்வொரு வீக்கத்திலும் ஒரு சின்னத் துவாரம். காட்டில் அதற்குள் எறும்புகள் குடியிருக்கும், இங்கே பாவம் வெறும் வீடுதான் என்று ஹைகே சொன்னார். பிறகு கொப்பியைத் திறந்து, "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

அந்தச் செடியை நான் என் சீவியத்தில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த பிறகு, நான் சொல்வதை எழுத ஒருவர் பேனையைத் திறந்து ஆவலோடு நின்றது அதுதான் முதல் தடவை. "எறும்புக்கிளுவை" என்றேன். எறும்பு ஹைகே தந்தது, கிளுவை எங்கள் வீட்டு வேலிமரம். வீடுகளில் வளர்ப்பீர்களா என்று கேட்டார். வேலிக்கு நடுவோம், கிளையைக் கதியாலாக வெட்டி ஊன்றினால் தழைக்கும், களவெடுக்க வருகிறவன் தொட்டால் எறும்பு பிடுங்கிவிடும் என்றேன். ஹைகே சிரித்துச் சிரித்து எழுதினார். இரண்டு கிழமையில் லத்தீன் பெயருக்குக் கீழே என் பெயரும் பொறித்துப் பித்தளைத் தகடு வந்துவிட்டது. என் பெயர் என்றால் நான் வைத்த பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவளும் எங்கள் பக்கத்து ஊர்தான். தகட்டை வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் உந்தப் புழுகு புழுகினனீங்கள்? ஆரும் எங்கட ஆக்கள் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்?"

"எங்கட ஆக்கள் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும்தான் போவினம். செடி பாக்க ஆர் வரப்போயினம்?"

அது சரியாகத்தான் போனது. இத்தனை வருடத்தில் ஒருவரும் வரவில்லை. நான் இன்னும் நாலு செடிக்குப் பெயர் வைத்தேன்.

3

எங்களுக்கு ஒரே பிள்ளை. நிலா. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை, "உன்னுடைய அப்பாதானே இலை கழுவுகிறவர்" என்று கேட்டுவிட்டதாம். அடுத்த கிழமை அந்த வகுப்பே கண்ணாடி வீட்டுக்கு வர இருந்தது. தனக்கு வயிற்று வலி, தான் வரவில்லை என்று அவள் முதல் நாளே சொல்லி வைத்தாள்.

அன்றைக்கு நான் தோய்த்து ஸ்திரி போட்ட சேர்ட்டோடு நின்றேன். வசந்தி வற்புறுத்தி அனுப்பிய நிலா பின்வரிசையில் ஒளிந்து நின்றாள். பிள்ளைகளை அந்தச் செடிக்கு முன்னால் நிறுத்தி, எங்கள் வேலிக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னேன். ஏழு வயதில் ஒரு கணுவை உடைத்து எறும்பு என் காதுக்குள் போன கதை. இரவல் ஏணியோடு வந்த கள்ளன் வேலியில் மாட்டித் துள்ளிய கதை. பிள்ளைகள் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலா முன்னால் வந்து தகட்டைப் படித்து, 'எறும்புக்கிளுவை' என்று தமிழில் எப்படிச் சொல்வது என்று தன் வகுப்புக்குப் பழக்கினாள். இருபத்தைந்து ஜெர்மன் வாய்கள் அதைச் சொல்லப் பட்ட பாடு. வீட்டுக்குப் போகும்போது, தொங்கு ரயிலில் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். "இன்னும் சொல்லுங்கோ அப்பா" என்றாள். நான் இன்னும் சொன்னேன்.

அந்த ஒரு நாளுக்காக மட்டும் என்னால் முழுதாக வருந்த முடியவில்லை. அதுவும் ஒரு வெட்கம்தான்.

மற்ற வீடுகளில் பிள்ளைகள் வங்கி, கணினி என்று போனார்கள். நிலா உயிரியலுக்குப் போனாள். ஏன் என்று யாராவது கேட்டால், "எங்கட அப்பாவின்ர வேலியாலதான்" என்பாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

4

இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், அந்தச் செடியும் அதன் கணுக்களில் குடியிருக்கும் எறும்புகளும். இந்த வருடம் தை மாதம் இலங்கைத் தென்மேற்கின் சிங்கராஜ வனத்துக்குப் போனாள். மழை கொஞ்சம் விட்டுக் கொடுக்கிற இரண்டு மூன்று மாதம்தான் அங்கே வேலை செய்யலாமாம்.

அங்கிருந்து போனில் கதைப்பாள். அட்டை ஏறாமல் முழங்கால் வரை துணி உறை போட்டிருப்பாள். கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, தடியால் தட்டி, விழுகிற பூச்சிகளைப் போத்தலில் எடுப்பது அவள் வேலை.

"அப்பா, வுப்பர்டால் காட்டில ஒரு மரத்தைப் பாத்தால் நூறு மரத்தைப் பாத்த மாதிரி. இஞ்ச ஒரு மரத்துக்குப் பக்கத்தில நிக்கிறது அதின்ர சாதியில்லை. அதே சாதியைத் திரும்பக் காண எவ்வளவோ தூரம் நடக்க வேணும். ஒவ்வொண்டின்ர இலையையும் தின்னத் தனித்தனி மயிர்க்கொட்டிப் புழு. அந்த மயிர்க்கொட்டியைத் தேடி வாற குளவி வேற. துணியில விழுறதில கனக்கச் சீவனுக்கு இன்னும் ஆரும் பேரே வைக்கேல்லை."

"அப்பிடியே?"

"ஓம். ஒரு மரம் விழுந்தால் அதோட ஆர் ஆர் சாகினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. எறும்பு இல்லாத கணுவுக்குள்ள பாத்தால் ஒரு புழு இருக்குது. வீட்டுக்காரர் இல்லாத நேரம் வாடகைக்கு வந்த மாதிரி."

அவளுடைய தமிழ் தடக்கித் தடக்கி இப்படித்தான் அழகாக வரும். இடையில் யாரோ வழிகாட்டியிடம், ஆய்வுக்காகப் படித்த சிங்களத்தில் ஏதோ சொல்வாள். அது தமிழைவிட வேகமாக ஓடும். முதலில் அது எனக்குச் சுருக்கென்றது. பிறகு நினைத்தேன், அந்தக் காட்டையே தெரியாதவன் அதன் பாஷையைப் பற்றி என்ன நியாயம் கதைப்பது? பெயரில்லாத சீவன்கள் அவ்வளவு இருக்கிற இடத்தில், ஏற்கெனவே பெயர் இருந்த ஒன்றுக்கு நான் கள்ளப் பெயர் வைத்திருக்கிறேன்.

மாசி நடுவில் ஒருநாள் குரலில் துள்ளலோடு எடுத்தாள். அந்தச் செடி மழை கூடிய ஈர வலயத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அது யாழ்ப்பாணத்தில் வேலியாக நின்றது, அதுவும் எறும்போடு நின்றது என்றால் பெரிய விஷயம் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். வனத்தில் செய்ய இருந்த வேலையைப் பத்து நாள் ஒத்திவைத்துவிட்டு அவள் வடக்கே போகிறாள்.

"உங்கட வளவு எங்க எண்டு ஒரு படம் கீறி அனுப்புங்கோ."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் தாள் எடுத்துப் படம் கீறினேன். சந்தி, வைரவர் கோயில், கிணறு, ஒழுங்கை முடக்கு, எல்லாம் அச்சொட்டாகச் சரி. அனுப்பினேன்.

5

அந்தப் பத்து நாளும் நான் நினைத்ததை எழுதினால்தான் இந்தக் குறிப்புக்கு அர்த்தம்.

போவாள், தேடுவாள், கிடைக்காது. எங்கள் வளவு இருந்த பக்கத்தில், சண்டை நடந்த வருடங்களில் வீடு, மரம், வேலி எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் வளவின் எல்லையை நானே போய் நின்றாலும் காட்ட ஏலாது. ஆகவே செடியும் யுத்தத்தில் அழிந்துவிட்டது என்று அவளே முடிவுக்கு வருவாள். ஒருவராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. இப்படி நினைத்தபோது எனக்கு நெஞ்சு லேசாகியது. உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. அயலவர்கள் வீடு வாசல் இழந்த அழிவுக்குப் பின்னால் என் புழுகை ஒளித்து வைக்கலாம் என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டவன் நான். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு குணம் போன் எடுத்தான். என்னோடு ஒன்றாகப் படித்தவன், இன்றும் ஊரிலேயே இருக்கிறவன்.

"மச்சான், பிள்ளை வந்தவள். தங்கமான பிள்ளை. ஏதோ எறும்பு இருக்கிற செடியெண்டு படம் காட்டினவள். அப்பாவின்ர வேலியில நிண்டதாம், கண்டனீங்களோ எண்டு கேட்டவள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை."

"நீ என்ன சொன்னனி?"

"அவ்வளவு தூரத்தில இருந்து வந்த பிள்ளையை இல்லையெண்டு சொல்லி அனுப்பேலுமே? ஓம் பிள்ளை, வேலி முழுக்க நிண்டது, கட்டெறும்பு இருக்கும், எல்லாம் சண்டையோட போச்சு எண்டு சொன்னன். நல்லாச் சந்தோஷப்பட்டவள். எழுதிக்கொண்டு போனவள்."

விருந்தாக வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. குணம் கொடுத்தது தேத்தண்ணி மாதிரி ஒரு 'ஓம்'. என் பொய்க்கு இப்போது ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது.

6

பங்குனிக் கடைசியில் நிலா திரும்பி வந்தாள். ஒரு ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து குசினி மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். வாய்மொழியாகத் தகவல் தந்தவர்களிடம் பல்கலைக்கழகம் கையெழுத்து வாங்கச் சொல்கிறதாம். ஒன்று எனக்கு, மற்றது குணத்துக்கு. ஜெர்மன் நாட்டில் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. வாசிக்காமலே போட்டுப் பழகியவன். இதை வாசித்தேன். நான் நேரில் கண்டதையே கூறினேன் என்று ஒரு வரி இருந்தது.

"அப்பா, இந்த இடத்தில. ஆய்வின்ர முதல் பக்கத்திலயும் உங்களுக்குத்தான் எண்டு எழுதியிருக்கிறன். என்னைவிட முதல் இந்தச் செடியைத் தெரிஞ்சவர் எண்டு."

பேனையைக் கீழே வைத்தேன்.

"நிலா, அந்தச் செடி எங்கட வேலியில நிக்கேல்லை."

"அப்ப ஆற்ற வேலியில?"

"ஒருத்தற்ற வேலியிலயும் இல்லை. நான் அதை முதன்முதல் இஞ்ச கண்ணாடி வீட்டிலதான் கண்டனான்."

எனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தாள் போல. குரலைத் தணித்து, "குணம் மாமாவும் கண்டவர் எண்டு சொன்னவர் அப்பா" என்றாள்.

"அவன் உன்ர மனம் நோகக்கூடாதெண்டு சொன்னவன். பேரும் நான் வைச்சதுதான்."

வசந்தி தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். "அவர் புழுகினவர் பிள்ளை. எனக்கும் தெரியும். நானும் சொல்லேல்லை."

நிலா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "எப்போதிலிருந்து?" என்று ஜெர்மனில் கேட்டாள். எங்களோடு கோபம் வந்தாலும் தமிழில்தான் கோபிப்பாள். அவள் ஜெர்மனுக்கு மாறினால் விஷயம் வீட்டை விட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைவாய்ப்பு அலுவலகம், ஹைகே, தகடு, வயிற்று வலி என்று அவள் சொன்ன நாள், வரைபடம், யுத்தம் காப்பாற்றும் என்று நான் நினைத்தது வரை. அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். வடக்கே போன பத்து நாளுக்குப் பிறகு வனத்தில் மழை தொடங்கிவிட்டது. தவறவிட்ட கணுக்களை அடுத்த வருடம்தான் திறந்து பார்க்கலாம். பேராசிரியருக்கு அவள் கடிதம் எழுத வேண்டும். என் அப்பா பொய் சொன்னார் என்பதை எந்தச் சொற்களில் எழுதுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள்.

பிறகு தமிழுக்குத் திரும்பினாள்.

"அப்ப மற்றதுகள்?"

"எந்த மற்றதுகள்?"

"சித்தப்பா."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நாங்கள் சின்னவன் என்று கூப்பிடுவோம். பதினேழு வயது. காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில், மேலே வந்த ஹெலிகொப்டரில் இருந்து சுட்டார்கள். நானும் அக்காவும்தான் தூக்கி வந்தோம். அதற்குப் பிறகுதான் வீட்டில் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இதையும் நான் அவளுக்குத் தொங்கு ரயிலில்தான் சொல்லியிருந்தேன், கள்ளனும் எறும்பும் வந்த அதே பிரயாணங்களில், அதே வாயால்.

"அது நடந்தது பிள்ளை. அது உண்மை" என்றேன்.

"எந்த மாதம்?"

"ஆனி. இல்லை, ஆடி தொடக்கம். வெங்காயம் கிண்டுறதுக்கு முதல்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. அகதி விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அப்படித்தான் பார்த்தார். அவர் மேல் நான் வருடக்கணக்காகக் கோபம் வைத்திருந்தேன். என் பிள்ளை மேல் வைக்க என்னிடம் ஒரு துளி கோபமும் இல்லை. அவள் தாள்களை எடுத்துக்கொண்டு தன் பழைய அறைக்குள் போனாள். அழவில்லை.

7

ஹைகே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது இருக்கிற தலைமைத் தோட்டக்காரர் இளம் ஆள். திங்கட்கிழமை காலை அவரிடம் போய், ஐந்து தகடுகளும் பொய் என்று சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் போனேன். அவர் சிரித்தார். "இவ்வளவுதானா? கழற்றிவிடுங்கள்" என்றார். திட்டாமல் விட்டதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. கழற்றினேன்.

நிலா வழமைபோல வந்து போகிறாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. சாப்பிடுகிறாள், தாய்க்கு உதவி செய்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நானாக ஏதாவது தொடங்கினால், தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறாள். குணத்துக்கு அவளே போன் எடுத்து, நீங்கள் எனக்காகத்தான் சொன்னீர்கள், பரவாயில்லை மாமா என்றாளாம். குணம் என்னிடம் சொல்லி வெட்கப்பட்டான்.

போன சனிக்கிழமை பின்னேரம் கனடாவில் இருந்து அக்கா போன் எடுத்தா.

"உன்ர மகள் இண்டைக்கு என்னட்ட எடுத்தவள். சின்னவன் எப்பிடிச் செத்தவன் எண்டு கேட்டவள். எந்த இடம், எத்தினை மணி, ஆர் ஆர் கண்டது எண்டு ஒவ்வொண்டாய். அவன் நான் தூக்கின பிள்ளை, எல்லாம் சொன்னன். ஆனால் ஏன்ரா, வீட்டில நீ இருக்கிறாய். உன்னட்டக் கேக்காமல் ஏன் மாமியிட்டக் கேக்கிறாள்?"

"நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒண்டுதானாமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"மாதம் பிழையாம். நீ ஆடி எண்டனியாம், அது ஆனிதான். மற்றதெல்லாம் ஒண்டுதான் எண்டவள். அதுக்குப் பிறகு அழுதவள். நிப்பாட்டேலாமல் அழுதவள்" என்றா.